குளிர்காலம் காணாத மலையில் பழமரமும் விதையும்

மலேசியாவின் பகாங் மாநிலத்தில் 1,000 மீட்டர் உயரத்துக்கு மேல் விரிந்து, பிரிஞ்சாங் மலையுச்சியில் 2,000 மீட்டரையும் தாண்டும் கேமரன் மலை, சமவெளியிலிருந்து ஏறிவருவோருக்குக் குளிர்நாடாகத் தோன்றினாலும், மரஞ்செடிகளின் கணக்கில் அது குளிர்காலமே காணாத இடமாகும். நிலநடுக்கோட்டுக்கு ஏறத்தாழ நாலரை டிகிரி வடக்கே அமைந்திருப்பதால், ஆண்டின் மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் இடையே அங்கே அரைமணி நேரமே வேறுபாடு உண்டு. இரவின் தண்மையும் பகலின் இளவெயிலும் தை மாதத்திலும் ஆடி மாதத்திலும் ஏறக்குறைய ஒன்றுபோலவே இருக்கின்றன. ஜே. ஏ. ரஸ்ஸல் 1929-இல் நிறுவிய போ நிறுவனத்தின் தேயிலைத் தோட்டங்களில் ஆண்டு முழுவதும் கொழுந்து பறிக்கப்படுவதற்கும், டார்ஜிலிங்கில் குளிர்மாதங்களில் பறிப்பு நின்றுபோய் மார்ச் வாக்கில் முதற்கொழுந்து அரும்புவதற்கும் பகல்நீளமே முக்கியக் காரணம்: பகல்நேரம் பதினொன்றே கால் மணிக்கும் கீழே வாரக்கணக்கில் குறைந்திருந்தால்தான் தேயிலைச் செடி உறங்கப்போகும், கேமரன் மலையில் பகல் ஒருநாளும் அவ்வளவு குறுகுவதில்லை.

மிதவெப்ப நாடுகளில் வீட்டுத்தோட்டம் போடுவோர், பனி விலகும் நாளை எதிர்நோக்கி, எந்த விதை, எந்தக் கன்று என்று முன்கூட்டியே திட்டமிடுகின்றனர்; அந்நாடுகளுக்கென அச்சிட்ட விதை உறைகளிலும் வசந்தத்தில் விதைக்குமாறு குறிப்பு இருக்கும். தேயிலைத் தோட்ட லயங்களின் பின்புறத்திலும் தானா ராத்தா, ரிங்லெட் ஆகிய மலையூர்களின் வீட்டுக் கொல்லையிலும் பயிர் வைப்போருக்கு அந்த நாட்காட்டி உதவாது என்றாலும், வசந்தத்தை மரம் எப்படி அறிகிறது என்பதை அவர்கள் அறிந்திருப்பது மிக அவசியம். எந்த மரம் அங்கே காய்க்கும், எந்தச் செடியின் விதையை வீட்டிலேயே எடுத்துவைக்கலாம் என்னும் இரண்டு கேள்விகளுக்கும் விடை அதில்தான் இருக்கிறது.

ஆப்பிள், பேரி, பீச், பிளம் முதலிய இலையுதிர் பழமரங்கள், கோடை முடிவதற்குள்ளாகவே மறு ஆண்டுக்குரிய மொட்டுகளை உருவாக்கிச் செதில்களால் மூடி, உறக்கநிலைக்குக் கொண்டுசெல்கின்றன. வெயிலும் ஈரமும் வேண்டிய அளவு இருந்தாலும் மொட்டு விரிய மறுக்கும் நிலையே உறக்கநிலை எனப்படுகிறது. அப்சிசிக் அமிலம் என்னும் வளர்ச்சியடக்கி மொட்டில் மிகுந்திருப்பது இதற்கொரு முக்கியக் காரணம். குளிர் நீடிக்க நீடிக்க அது குறைந்து, வளர்ச்சியைத் தூண்டும் பொருள்களின் கை ஓங்குகிறது. குளிர்காலத்தின் நடுவே நான்கு நாள் அடிக்கும் வெயிலை நம்பி மொட்டவிழ்ந்தால் அடுத்து வரும் உறைபனி அதைக் கருக்கிவிடும் என்பதால், போதிய அளவு குளிர் கழிந்த பின்னரே விழிப்பது என்னும் இந்த ஏற்பாடு மரத்துக்கு உயிர்காப்பாக அமைகிறது. இந்த அளவைக் குளிர்த்தேவை என்பர். வெப்பநிலை 0 முதல் 7.2 டிகிரி செல்சியஸுக்குள் இருக்கும் ஒவ்வொரு மணியையும் ஒரு குளிர்நேரமாகக் கூட்டிக்கொண்டே போவது இதைக் கணக்கிடும் பழைய முறை. ஆப்பிளின் பெயர்பெற்ற வகைகள் பலவற்றுக்கு 800 முதல் 1,000 மணி வரை வேண்டும்.

மலேசியாவில் பதிவாகியுள்ள மிகக் குறைந்த வெப்பநிலை 7.8 டிகிரி, அது 1978 பிப்ரவரி 1 அன்று கேமரன் மலையில் பதிவானது. நாட்டின் வானிலைப் பதிவேட்டிலேயே மிகக் குளிர்ந்த அந்த நாள்கூட, பழைய முறைப்படி, ஒரே ஒரு குளிர்நேரத்தையும் தரவில்லை. 12 டிகிரி வரையிலான குளிருக்கும் ஓரளவு மதிப்பளிக்கும் பிற்காலக் கணக்குகளும், பகலின் வெம்மை இரவின் குளிரை அழித்துவிடும் என்று கழித்தே பார்க்கின்றன.

இத்தகைய இடத்தில் நட்ட குளிர்நாட்டு ஆப்பிள் மரம் பட்டுப்போவதில்லை. தோட்டக்காரரை ஆண்டுக்கணக்கில் காத்திருக்கவைப்பதும் அதனால்தான். பழைய இலைகள் உதிராமல், தடித்து, ஓரம் பழுப்பேறித் தொங்கும். கிளையின் நுனிமொட்டு மட்டும் விரிய, அதற்குக் கீழே முழநீளத்துக்குக் கிளை மொட்டையாகவே நிற்கும். பூக்கள் ஒருசேர மலராமல் இங்கிரண்டும் அங்கொன்றுமாக மாதக்கணக்கில் எட்டிப்பார்ப்பதால், அயல்மகரந்தம் தரவேண்டிய மற்றொரு வகை மரம் அதே நாளில் பூத்திருக்கும் வாய்ப்பும் குறைந்து, பிஞ்சு பிடிப்பது அரிதாகிறது. வகையின் பெயரைக் கேளாமல் ஆப்பிள் கன்று வாங்குவது, இந்த மலையைப் பொறுத்தவரை, பணத்தைவிட விலைமதிப்புள்ள ஆண்டுகளை இழப்பதாகும். இஸ்ரேலில் உருவான அன்னா, பஹாமாஸ் தீவில் கண்டெடுத்த டார்செட் கோல்டன் ஆகிய வகைகளுக்கு 200, 300 மணிக் குளிரே போதும் என்பதால், சோதித்துப் பார்க்க விரும்புவோர் அவற்றையே தேடவேண்டும். அவையும் உதவியின்றிப் பூக்கும் என்று எதிர்பார்ப்பதற்கில்லை.

அந்த உதவி எது என்பதைக் கிழக்கு ஜாவாவின் பாத்து நகர உழவர்கள் காட்டியுள்ளனர். குளிர்காலமே இல்லாத அவ்வூரில் ரோம் பியூட்டி போன்ற ஆப்பிள் மரங்களின் இலைகளை, காய் பறித்துச் சில வாரங்களில், ஒன்றுவிடாமல் கையால் உருவிவிடுகின்றனர். முதிர்ந்த இலைதான் தன் அருகிலுள்ள மொட்டை அடக்கி ஆழ்ந்த உறக்கத்துக்கு அனுப்புகிறது. மொட்டு அந்த ஆழத்துக்குப் போகுமுன் இலையை நீக்கிவிட்டால், குளிரின் தேவையே எழாமல் மொட்டு விரிந்து பூத்துவிடுகிறது. உறங்கியவரை எழுப்புவதைவிட, கண்ணயருமுன் தட்டி எழுப்புவது எளிது என்பதைப் போன்றது இது. இவ்வாறு அங்கே ஆண்டுக்கு இருமுறை அறுவடை கிடைக்கிறது. நுனிமொட்டின் ஆதிக்கத்தைக் குறைக்கக் கிளைகளை வளைத்துக் கட்டுவதும் உண்டு. கொல்லையில் ஓரிரு மரம் வைத்திருப்பவருக்கு இது ஒரு காலைப்பொழுது வேலைதான்.

எனினும், குளிரை எதிர்பாராத மரங்களை நடுவதே அறிவுடைமை. ஆண்டிஸ் மலையிலிருந்து வந்த மரத்தக்காளி, விதையிலிருந்தே எளிதாக முளைத்து, இரண்டு ஆண்டுக்குள் காய்த்து, புளிக்குழம்புக்கும் சட்னிக்கும் உதவுகிறது. தமிழகத்தில் நீலகிரி, கொடைக்கானல் வாசிகளுக்கும் அது பழகிய காய். ஊதாநிறப் பேஷன் பழம், அவகாடோ, எலுமிச்சை இனங்கள், லோக்காட் ஆகியவையும் ஏற்றவை. ஸ்ட்ராபெரியின் நிலை தனி: அதன் பொதுவான வகைகள் பகல் குறுகியிருக்கும்போதோ இரவு தண்மையாக இருக்கும்போதோதான் பூமொட்டு வைக்கும். கேமரன் மலையில் இரண்டும் எப்போதும் வாய்ப்பதால், மற்ற நாடுகளில் சில வாரமே கிடைக்கும் பழம் அங்கே ஆண்டெல்லாம் கிடைக்கிறது.

விதைப்புக்குரிய பட்டத்தை அம்மலையில் தீர்மானிப்பது மழை. ஏப்ரல், மே மாதங்களிலும் அக்டோபர், நவம்பர் மாதங்களிலும் மழை உச்சம்பெற, ஜனவரியும் பிப்ரவரியும் ஒப்பளவில் வறண்டு இருக்கின்றன. ஆகவே நாற்றுப் பாத்திக்கும் நேரடி விதைப்புக்கும் தை, மாசியே நல்ல காலம், மரக்கன்று நடுவதற்கு மழை கூடும் தொடக்கமே ஏற்றது. தேயிலை விரும்பும் அமில மண்ணில் காய்கறி செழிக்காது. கோசு இனங்களின் வேரை வீங்கவைக்கும் பூஞ்சை போன்ற நோயும் அம்மண்ணில்தான் பெருகும். விதைப்புக்குச் சில வாரங்களுக்கு முன்பே சுண்ணாம்போ டோலமைட்டோ தூவிக் கொத்திவிடுவது அதனால்தான்.

குளிரின் கணக்கு விதையிலும் வந்து நிற்கிறது. முட்டைக்கோசு, கேரட் ஆகியவை ஈராண்டுப் பயிர்கள். வாரக்கணக்கில் 10 டிகிரிக்குக் கீழான குளிரைக் கடந்தால்தான் அவற்றின் பெரும்பாலான வகைகள் பூத்தண்டு விடும். மலையில் கோசு திரண்டு நிற்பதும், அதன் விதையை வேறு நாட்டிலிருந்து வாங்க நேர்வதும் ஒரே காரணத்தின் இரு விளைவுகள். அவரை, பீன்ஸ், தக்காளி, மிளகாய், கீரை ஆகியவற்றுக்கு இத்தடை இல்லை. வீரிய ஒட்டுரகம் அல்லாத செடியில் முற்றிய காயைத் தேர்ந்து விதை எடுக்கலாம். காற்றில் ஈரம் மிகுந்த இடமாதலால், வறுத்து ஆறவைத்த அரிசியுடன் காற்றுப்புகா டப்பாவில் வைத்தால், அரிசி ஈரத்தை இழுத்துக்கொண்டு விதையைக் காக்கும். சௌசௌவுக்கு அந்த வேலையும் வேண்டியதில்லை. அதன் ஒற்றை விதை காய்க்குள்ளேயே முளைத்து, அகன்ற முனையிலுள்ள பிளவின் வழியே தளிரை நீட்டுகிறது. காயை முழுதாக, அந்த முனை சற்றே தாழ்ந்திருக்குமாறு சாய்த்து, பாதி புதையும்படி ஊன்றிப் பந்தல் போட்டுவிட்டால் போதும்.