உண்மைக்கும் நீதிக்குமான தேசிய நினைவு நாள் (ஆர்ஜென்டீனா)

உண்மைக்கும் நீதிக்குமான தேசிய நினைவு நாள் என்பது ஆர்ஜென்டீனாவில் ஆண்டுதோறும் மார்ச் 24 ஆம் நாள் கடைப்பிடிக்கப்படும் பொது விடுமுறை நாளாகும். 1976 முதல் 1983 வரை அந்நாட்டை ஆண்ட இராணுவ அரசினால் கொல்லப்பட்டோரும் காணாமல் ஆக்கப்பட்டோரும் இந்நாளில் நினைவுகூரப்படுகின்றனர்.

பின்னணி

1976 மார்ச் 24 அன்று முப்படைத் தளபதிகள் அரசுத்தலைவர் இசபெல் பெரோனின் ஆட்சியைக் கவிழ்த்தனர். தரைப்படைத் தளபதி ஜோர்ஜ் ரஃபயெல் விடேலா அரசுத்தலைவரானார். தொழிற்சங்கத்தினர், மாணவர், ஊடகவியலாளர் எனப் பலர் கடத்தப்பட்டு, இரகசியத் தடுப்பு முகாம்களில் சித்திரவதைக்கு உள்ளாயினர். 1977 ஏப்ரலில் காணாமல் போனோரின் தாய்மார் தலைநகர் புவெனஸ் ஐரிசின் மே சதுக்கத்தில் கூடி, தம் பிள்ளைகள் எங்கே எனக் கேட்கத் தொடங்கினர்.

மக்களாட்சி மீண்டபின் அமைக்கப்பட்ட விசாரணை ஆணையம் 1984 இல் வெளியிட்ட அறிக்கையில் ஏறத்தாழ 9,000 பேர் காணாமல் போனது பதிவானது. மனித உரிமை அமைப்புகள் இவ்வெண்ணிக்கையை 30,000 எனக் கூறுகின்றன.

விடுமுறை அறிவிப்பு

2002 இல் இயற்றப்பட்ட 25.633 ஆம் இலக்கச் சட்டம் மார்ச் 24 ஐ நினைவு நாளாக்கியது. பள்ளிகளில் இதுகுறித்த சிறப்பு நிகழ்ச்சிகள் நடத்தவும் அது வழிசெய்தது. எனினும் அப்போது விடுமுறை வழங்கப்படவில்லை. இராணுவப் புரட்சியின் 30 ஆம் ஆண்டான 2006 இல், நெஸ்டர் கிர்ச்னரின் ஆட்சிக்காலத்தில், இது பொது விடுமுறையானது.

விவாதம்

இந்நாள் விடுமுறையாவதை மனித உரிமை அமைப்புகள் சிலவும் விரும்பவில்லை. துயர நாள் சுற்றுலா நாளாகிவிடும் என அவை அஞ்சின. ஆர்ஜென்டீனாவில் சில விடுமுறைகள், வார இறுதியை நீட்டிப்பதற்காகத் திங்கட்கிழமை போன்ற நாட்களுக்கு மாற்றப்படுவது வழக்கம். இதனால் மார்ச் 24 இடம் மாற்றப்பட முடியாத விடுமுறையாக வகுக்கப்பட்டது.

2017 சனவரியில் மௌரிசியோ மக்ரியின் அரசு இதனை இடம் மாற்றத்தக்க விடுமுறைகளுள் சேர்த்து ஆணை பிறப்பித்தது. கடும் எதிர்ப்பு எழவே, சில நாட்களிலேயே இம்மாற்றம் கைவிடப்பட்டது. காணாமல் ஆக்கப்பட்டோர் பலருக்கு இறந்த நாளும் தெரியாது, கல்லறையும் இல்லை. அவர்களது குடும்பங்களுக்குப் பொதுவான நாளாக இருப்பது இதுவே.

கடைப்பிடிப்பு

இந்நாளில் காணாமல் போனோரின் நிழற்படங்களை ஏந்தியவாறு மக்கள் மே சதுக்கத்திற்குப் பேரணியாகச் செல்கின்றனர். பிற நகரங்களிலும் பேரணிகள் நடைபெறுகின்றன. தடுப்பு முகாமாகப் பயன்பட்ட, தலைநகரிலுள்ள கடற்படை இயந்திரவியல் பள்ளி பின்னர் நினைவிடமாக்கப்பட்டது. அங்குள்ள அருங்காட்சியகத்தை 2023 இல் யுனெஸ்கோ உலக பாரம்பரியக் களமாக அறிவித்தது.