வெள்ளிக் களிமண்ணும் அதற்கு வேண்டிய கருவிகளும்

வெள்ளியில் ஓர் ஆபரணம் செய்வதென்றால் குகையும் உலையும், பட்டடையும் சுத்தியலும், கம்பி இழுக்கும் அச்சும் நினைவுக்கு வருதல் இயல்பு. இவை எவையுமின்றி, பிசைந்த மாவைப் போல வெள்ளியை உருட்டி நகை செய்யும் முறையொன்று 1990ஆம் ஆண்டையொட்டி யப்பானிலே தோன்றியது. மிற்சுபிசி மெற்றீரியல்ஸ் என்னும் நிறுவனம் ஆக்கிய அப்பொருளே வெள்ளிக் களிமண்.

பெயரிற் களிமண் இருப்பினும் இதில் மண் இல்லை. மிக நுண்ணிய வெள்ளித் தூள், அதனைப் பிணைக்கும் பசை, நீர் ஆகிய மூன்றுமே உள்ளன. சூளையிலே பசை எரிந்து நீங்க, வெள்ளித் துகள்கள் உருகாமலே ஒன்றோடொன்று பற்றி இறுகுகின்றன. எஞ்சுவது தூய வெள்ளி.

உருவமைக்கும் கருவிகளிற் பல வீட்டிலேயே கிடைப்பன. வழவழப்பான ஓர் உருளை, ஒட்டாத தாள், கூரிய சிறு கத்தி, ஊசி, மெல்லிய தூரிகை, ஒரு கிண்ணம் நீர் ஆகியன போதும். விளையாட்டுச் சீட்டுகளை இருபுறமும் நான்கு நான்காக அடுக்கி, அவற்றின் மேல் உருளையை ஓட்டினால் தகடு எங்கும் ஒரே தடிப்பாக அமையும். கையிற் சிறிது ஒலிவ எண்ணெய் பூசிக்கொண்டால் களி ஒட்டாது. இலையொன்றை அழுத்தினால் அதன் நரம்புகளும் பதியும். ஆனால் அலுமினியக் கருவிகளை விலக்கவேண்டும். அவ்வுலோகம் வெள்ளியைக் கெடுத்துவிடும்.

களி விரைவில் உலர்வதால் மிகுதியை உடனே காற்றுப் புகாதவாறு பொதியவேண்டும். உருவம் முற்றாக உலர்ந்த பின்னர், அரத்தாலும் அரத்தாளாலும் விளிம்புகளைச் சீர்செய்யலாம். உதிரும் தூளும் வெள்ளியே. அதனை நீரிற் குழைத்தால் துண்டுகளை இணைக்கும் கூழாகும். சூட்டினாற் பொருள் சுருங்கும் என்பதையும் மறத்தலாகாது. சுருக்கம் 10 வீதமாயின், 20 மில்லிமீற்றர் அகலமுள்ள பதக்கம் 18 மில்லிமீற்றராகிவிடும்.

இனி நெருப்பு. இத்தொழிலின் உயிர்நிலை இதுவே. வெப்பம் போதாத நகையும் துலக்கியவுடன் வெள்ளியாகவே மின்னும். வளைத்தாலோ பிஸ்கற்றுப் போல முறியும். வெப்பம் மிஞ்சி 962 பாகை செல்சியசை எட்டினால் வெள்ளி உருகிவிடும். சிறு பொருள்களை நெருப்புச் செங்கல்லின் மேல் வைத்துக் கைவிளக்குச் சுடரினாற் சுடலாம். அப்போது அறை சற்று மங்கலாயிருத்தல் நன்று. பொருள் இளஞ்செம்மஞ்சளாய் ஒளிர்வதைக் கண்டு, அந்நிலையிலேயே சில நிமிடம் வைத்திருக்கவேண்டும். மேற்பரப்புக் கண்ணாடி போல் மினுங்கினால், உருகத் தொடங்கிவிட்டது என்று சுடரை உடனே விலக்கவேண்டும். பெரிய பொருள்களுக்கு வெப்பமானியுடன் கூடிய மின்சூளையே தக்கது. முத்து, ஓப்பல் போன்றவை இச்சூட்டைத் தாங்கா. அவற்றைச் சுட்ட பின்னரே பதிக்கவேண்டும்.

சூளையிலிருந்து வரும் நகை வெண்மையாக ஒளியற்றிருக்கும். பித்தளைக் கம்பித் தூரிகையால் தேய்த்து, மழமழப்பான உருக்குக் கோலால் அழுத்தி உரைத்தால் ஒளி பிறக்கும்.

உருளைக்கும் கத்திக்கும் வீட்டுப் பொருள்கள் ஈடாகும். அளவறிந்த வெப்பத்துக்கு ஈடாவது எதுவுமில்லை. புதிதாகத் தொடங்குவோர் அச்சுகளையும் அலங்காரக் கருவிகளையும் வாங்கிக் குவியாது, கையிலுள்ள பொருளை முதலிற் செலவிடவேண்டியது நெருப்புக்கே.