ஆர்முடுகல் தெரிந்த பிள்ளையும் அக்ஸிலறேஷன் தெரியாத வகுப்பும்

இங்கிலாந்துக்கு வந்து, பிள்ளையைப் பாடசாலையில் சேர்த்து ஓரிரு மாதம் போனதும் எம்மவர் வீடுகளில் ஒரே மாதிரியான பேச்சுத்தான் கேட்கிறது. "ஊரிலை அவன் கணக்கிலை கெட்டிக்காரன். இங்கை கீழ் செற்றிலை விட்டிருக்கினம்." இதில் பிள்ளையின் மூளையைக் குறைசொல்ல ஒன்றுமில்லை. ஊரில் தமிழ் மொழிமூலம் படித்த பிள்ளைக்கு ஆர்முடுகல் என்றால் என்னவென்று நன்றாகத் தெரியும். திணிவுக்கும் நிறைக்கும் உள்ள வேறுபாட்டையும் சொல்லும். ஆனால் ஆசிரியர் 'அக்ஸிலறேஷன்' என்கிறபோது முழிக்கிறது. பாடம் தெரியாத பிள்ளை என்று முடிவுகட்ட அந்த முழியே போதுமாகிவிடுகிறது.

உடனே ரியூசன் தேடி ஓடுகிறோம். மணித்தியாலத்துக்கு இவ்வளவு பவுண் என்று கொடுப்பதற்கு முன்னர், காசில்லாமல் கிடைப்பதை நாம் முழுதாகப் பயன்படுத்துகிறோமா என்று பார்க்கலாம்.

2020 ஏப்ரலில், கொரோனா காரணமாகப் பாடசாலைகள் மூடப்பட்டிருந்த நாட்களில், ஆசிரியர்கள் சேர்ந்து 'ஓக் நஷனல் அக்கடமி' என்ற இணையத்தளத்தை ஆரம்பித்தார்கள். 2022 செப்டெம்பரிலிருந்து அது கல்வித் திணைக்களத்தின் கீழுள்ள பொது நிறுவனமாக இயங்குகிறது. முதலாம் ஆண்டிலிருந்து பதினோராம் ஆண்டுவரை இங்கிலாந்தின் பாடத்திட்டத்துக்கேற்ற பாடங்கள் அதில் உண்டு. மாணவர் தம் பெயரைப் பதிய வேண்டியதில்லை; பணமும் இல்லை. ஆண்டையும் பாடத்தையும் தெரிவுசெய்தால் முதலில் சில சிறு கேள்விகள், பிறகு ஆசிரியர் விளக்கும் ஒளிப்படம், இடையில் பயிற்சிகள், முடிவில் மீண்டும் கேள்விகள் என்று வரும். வகுப்பில் "நிறுத்துங்கோ ரீச்சர், திரும்பச் சொல்லுங்கோ" என்று புதுப்பிள்ளை கேட்காது. இங்கே பத்துத்தரம் நிறுத்தலாம். பேசுவதை எழுத்திலும் வாசிக்கலாம் என்பது ஆங்கிலம் காதுக்குப் பிடிபடாத பிள்ளைக்குப் பெரிய உதவி.

ஆனால் பெரும்பாலான வீடுகளில் நடப்பது என்ன? கணினியைத் திறந்துவிட்டு "இருந்து படி" என்று சொல்லிவிட்டு நாங்கள் வேலைக்குப் போய்விடுகிறோம். பிள்ளை தனக்கு இலகுவானதில் இரண்டைப் பார்த்துவிட்டு யூரியூப் பக்கம் போய்விடும். ஆயிரக்கணக்கான பாடங்கள் குவிந்து கிடக்கும் இடத்தில் ஒழுங்கில்லாமல் நுழைந்தால் நேரந்தான் போகும். எனவே பிள்ளையின் வகுப்பில் இந்தத் தவணை என்ன படிப்பிக்கிறார்கள் என்று முதலில் அறிய வேண்டும். எந்த ஆண்டில் எந்தப் பாடத்தில் என்ன என்பதைப் பாடசாலைகள் தமது இணையத்தளத்தில் வெளியிடுவது வழக்கம். அதில் புரியாவிட்டால் பாட ஆசிரியரிடம் கேட்டு எழுதி வாங்கலாம்.

அடுத்து, நேரம். வகுப்பு முடிந்தபின் பார்ப்பதைவிட, வகுப்புக்கு முதல்நாள் இரவு பார்ப்பது எவ்வளவோ மேல். நேற்றிரவே அந்தச் சொல்லைக் கேட்டுவிட்ட பிள்ளை இன்று கையை உயர்த்தும்.

இதனோடு சேர்த்துச் செய்யக்கூடிய இன்னொன்று எமக்கே உரியது. இலங்கையின் கல்வி வெளியீட்டுத் திணைக்களம் பாடநூல்களைத் தனது இணையத்தளத்தில் இலவசமாகப் போட்டிருக்கிறது. கணிதமும் விஞ்ஞானமும் தமிழிலும் உண்டு, ஆங்கிலத்திலும் உண்டு. பத்தாம் தர விஞ்ஞானத்தை இரு மொழியிலும் எடுத்துப் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். ஒரே பாடம், ஒரே படம், சொல் மட்டும் வேறு. ஒரு கொப்பியில் கோடு கிழித்து, ஒளித்தொகுப்பு, பிரசாரணம், ஆர்முடுகல் என்று ஒரு பக்கமும் அவற்றின் ஆங்கிலச் சொற்களை மறுபக்கமும் பிள்ளையே எழுதட்டும். தமிழ்நாட்டு விளக்கங்களைப் பார்ப்பவர்கள் மட்டும் சற்றுக் கவனம். எமது ஆர்முடுகல் அவர்களுக்கு முடுக்கம். எமது திணிவை அவர்கள் நிறை என்பார்கள். எமது நிறை அவர்களுக்கு எடை. பிள்ளை குழம்பினால் குற்றம் பிள்ளையுடையதல்ல.

1998இல் தொடங்கிய பி.பி.சி.யின் 'பைற்சைஸ்' பலருக்குத் தெரிந்ததே. குறுகிய பக்கங்கள், மீட்டலுக்கு நல்லது. ஆனால் ஜி.சி.எஸ்.ஈ. மாணவர் தமது பரீட்சைச் சபை எதுவென்று அறிந்து தெரிவுசெய்ய வேண்டும். ஏ.கியூ.ஏ., எடெக்செல், ஓ.சி.ஆர். என்று சபைகள் பல. ஒரே பாடசாலையிலேயே பாடத்துக்குப் பாடம் மாறும். ஸ்கொட்லாந்திலோ வேல்சிலோ இருப்பவர்களுக்குப் பாடத்திட்டமே வேறு. சபைகளின் இணையத்தளங்களில் கடந்தகால வினாத்தாள்களும் புள்ளியிடும் திட்டங்களும் இலவசமாகக் கிடைக்கின்றன. 'டிஸ்கிறைப்' என்றால் என்ன நடக்கிறது என்று சொல்ல வேண்டும், 'எக்ஸ்பிளெய்ன்' என்றால் ஏன் நடக்கிறது என்று சொல்ல வேண்டும் என்பது அவற்றைப் பார்த்தால் விளங்கும். விடை தெரிந்தும் இந்த இடத்தில் புள்ளியை இழக்கிற பிள்ளைகள் உண்டு.

பாடசாலை தருகிற கடவுச்சொற் கடிதத்தை லாச்சிக்குள் போட்டு மறந்துவிடாதீர்கள். வீட்டுவேலையின் பெரும்பகுதி இப்போது அதற்குள்தான் இருக்கிறது.

இவ்வளவும் எதற்கென்றால், கணிதத்தில் ஜி.சி.எஸ்.ஈ. வினாத்தாள் இரு மட்டங்களில் நடக்கிறது. 'பவுண்டேஷன்' எழுதும் பிள்ளை எல்லாவற்றையும் சரியாகச் செய்தாலும் 5க்கு மேல் பெற முடியாது. 'ஹயர்' எழுதுபவரே 9 வரை போகலாம். ஏ லெவலில் கணிதம் எடுக்கப் பொதுவாக 6 அல்லது 7 கேட்பார்கள். ஆகவே ஆங்கிலம் போதாதென்று கீழ் வகுப்பில் விடப்பட்ட பிள்ளை அங்கேயே இருந்துவிட்டால், பொறியியல் கனவு பதினாறு வயதிலேயே முடங்கிப்போகலாம். விஞ்ஞானத்திலும் இதே இரு மட்டங்கள் உண்டு. எந்த மட்டம் என்பதைப் பாடசாலைதான் தீர்மானிக்கும். எங்களைக் கேட்டுத் தீர்மானிக்கும் என்று எதிர்பார்த்திருக்க வேண்டாம். பத்தாம் ஆண்டின் தொடக்கத்திலேயே நாங்கள் கேட்க வேண்டும். வந்தது பதினோராம் ஆண்டிலென்றால் முதல் வாரத்திலேயே கேட்க வேண்டும்.

எமக்கு ஆங்கிலம் வராதே என்று தயங்க வேண்டாம். மொழிபெயர்ப்பாளர் வேண்டுமென்று முன்கூட்டியே பாடசாலைக்கு அறிவியுங்கள். பிள்ளையையே மொழிபெயர்க்க விட்டால் தன்னைப்பற்றிய குறையை அது பாதிதான் சொல்லும், நிறையைச் சொல்ல வெட்கப்படும். ஓக் பாடங்களின் முடிவுக் கேள்விகளில் எத்தனை சரி என்பது எண்ணாகவே வரும். அதை வாசிக்க ஆங்கிலம் தேவையில்லை. பாடத்தின் பெயர், திகதி, கிடைத்த எண் மூன்றையும் வாராவாரம் அந்தச் சொற்கொப்பியின் பின்பக்கத்தில் குறித்துவையுங்கள். ஆசிரியரைச் சந்திக்கப் போகும்போது கொப்பியையும் கொண்டுபோய், "இவனுக்கு ஹயர் வினாத்தாள் ஒன்றைக் கொடுத்துப் பாருங்கள்" என்று கேளுங்கள்.