லயத்தில் ஒரு வீடு மதம் மாறினால்

இலங்கையின் பதுளை மாவட்டத்துத் தேயிலைத் தோட்டங்களில் மதம் மாறுவது பெரும்பாலும் குடும்பத்தோடு நடக்கிறது. பசறை, ஹாலிஎல, நமுனுகுல என்று எந்தப் பக்கத்து லயத்திலும், தொழிலாளருக்கான அந்த வரிசை வீடுகளில், ஒரே காம்பிராவில் (அறையில்) இரண்டு மூன்று தலைமுறை படுத்தெழும். சாமிப்படம் மாட்டியிருக்கும் சுவர் ஒன்றுதான். அதைக் கழற்ற வீட்டில் எல்லோரும் சம்மதிக்க வேண்டும். தீராத நோய், குடி, கடன் என்று ஏதோ ஒரு நெருக்கடியில் தாய் முதலில் ஜெபத்துக்குப் போவார். பிள்ளைகள் கூடப் போவார்கள். கடைசியில் தகப்பனும் ஞானஸ்நானம் எடுப்பார். சேர்ந்தே போவதால் வீட்டுக்குள் சண்டை குறைவு. சிக்கல் இஸ்தோப்புத் திண்ணைக்கு வெளியே தொடங்குகிறது.

மலையகத்துக்குக் கிறிஸ்தவம் புதிதல்ல. தமிழ்க் கூலி மிஷன் 1854இல் தொடங்கியது. கத்தோலிக்கருக்கு 1972 முதல் பதுளையில் தனி மறைமாவட்டம் உண்டு. பழைய சபைக் குடும்பங்கள் பல, சாதிசனத்துக்குள் பெண் கொடுத்து எடுத்து, ஊர்த் திருவிழாவிலும் முகம் காட்டி வாழப் பழகிவிட்டன. பின்னால் வந்த பெந்தெகொஸ்தே சபைகள் பல கேட்பது அதிகம்: பொட்டு, பூ, திருநீறு, படையல் சோறு எல்லாவற்றையும் விட வேண்டும். அடுத்த வீட்டார் எந்தத் தேவனை நம்புகிறார் என்று லயத்தில் யாரும் கிண்டுவதில்லை. நீட்டிய படையல் சோற்றை மறுத்தால்தான் மனம் நோகிறது.

தோட்டத்தில் சாமி கும்பிடுவது வேலையோடும் சம்பளத்தோடும் பின்னிக் கிடக்கிறது. கோயில் சந்தாவைச் செக்ரோல் என்ற சம்பளப் பதிவிலேயே பிடிப்பது பல தோட்டங்களில் நெடுநாள் வழக்கம். அந்தப் பிடித்தத்தை நிறுத்தச் சொன்னதுமே விஷயம் கோயில் கமிட்டிக்கும் தோட்டத் தலைவருக்கும் எட்டிவிடும். தேயிலைச் செடிகளைக் கவ்வாத்து வெட்டத் தொடங்கும் நாள் இன்னும் கடினம். கத்திகளை ஒன்றாக வைத்து, சூடம் கொளுத்தி, தேங்காய் உடைத்து, கவ்வாத்துச் சாமியைக் கும்பிட்ட பிறகே முதல் வெட்டு விழும். யாருக்கும் கையில் காலில் வெட்டுப்படக் கூடாது என்பது வேண்டுதல். ஒருவர் மட்டும் தன் கத்தியை வைக்காமல் தள்ளி நின்றால், எல்லோருக்குமான காவலை விட்டு அவர் விலகியதாகவே மற்றவர்கள் எடுத்துக்கொள்கிறார்கள். அன்றைக்கு எவருக்காவது காயம் பட்டால் பேச்சு அவர் பக்கம்தான் திரும்பும். இந்தக் கோபத்தை வெறும் மூடநம்பிக்கை என்று ஒதுக்குவது நியாயமில்லை. ஆபத்தான வேலையைச் சேர்ந்து செய்பவர்களின் பயம் அது.

உறவுக்குள் பெரிய சோதனை தாய்மாமன் சீர். மகள் பெரியவளானதும் “சடங்கு வேண்டாம், ஜெபக்கூட்டம் வைக்கிறோம்” என்று அக்கா சொன்னால், தம்பி தன் முறையே பறிபோனதாக நினைக்கிறார். மாமன் வாங்கி வந்த சேலையை ஜெபித்து உடுத்திவிடுவது ஒரு சமரசம். இரு பக்கமும் மனம் வைத்தால் அது நன்றாகவே நடக்கிறது.

கல்யாணத்தில் சட்டம் தடையாக இல்லை. 1907ஆம் ஆண்டின் விவாகப் பதிவுக் கட்டளைச் சட்டப்படி இந்துவும் கிறிஸ்தவரும் மதம் மாறாமலே பதிவு செய்துகொள்ளலாம். தடை சபையிலிருந்தும் சொந்தத்திலிருந்தும்தான் வரும்.

பிள்ளைகளின் பாடு தனி. சாதாரண தரப் பரீட்சைக்குச் சமயம் கட்டாயப் பாடம். வீடு மாறினால் பிள்ளையும் சைவநெறியை விட்டுக் கிறிஸ்தவம் படிக்க வேண்டும். சிறிய தோட்டப் பாடசாலையில் அதற்கு ஆசிரியர் கிடைப்பது அரிது. மாறுவதையே சட்டம் தடுக்கவில்லை: விரும்பிய மதத்தைத் தழுவும் உரிமையை 1978ஆம் ஆண்டு அரசியலமைப்பின் 10ஆம் உறுப்புரை தருகிறது. 2004இல் வந்த கட்டாய மதமாற்றத் தடை மசோதா சட்டமாகவில்லை. ஆனாலும் லயம் கம்பனியின் கட்டுப்பாட்டில் இருக்கிறது. காம்பிராவில் கூட்டம் கூடத் தோட்டத் துரையின் தயவும் வேண்டும்.

சில வருடம் கழித்துச் சபையையும் குடும்பத்தோடு விட்டு வருபவர்கள் உண்டு. கோயிலுக்குத் திரும்ப எழுத்து மூலம் எதுவும் தேவையில்லை. சந்தாவைத் தொடங்கி, திருவிழாவுக்குப் பால்குடம் எடுத்தால் போதும், சொந்தக்காரர் சேர்த்துக்கொள்வார்கள். இழப்பு மறுபக்கம். ஆஸ்பத்திரியில் இரவெல்லாம் கூட இருந்த சபைச் சகோதரிகள் “பின்வாங்கிப் போனவர்கள்” என்று ஒதுங்கிவிடுவார்கள். அவர்களும் அதே பீலிக்குத்தான் தண்ணீர் பிடிக்க வருவார்கள். இந்தத் துக்கத்தைக் கேட்க லயத்தில் ஆள் இல்லை. திரும்பி வந்தவர்களுக்கு என்ன குறை என்றே எல்லோரும் நினைக்கிறார்கள்.

சாவு வீட்டில் இத்தனை விலகலுக்கும் ஓர் ஒழுங்கு வந்துவிடுகிறது. விசுவாசியான மகன் நீர்க்குடம் உடைக்க மறுத்தால் பங்காளி வீட்டுப் பையன் முன்வருவான். வீட்டில் ஜெபம் முடியும்வரை தப்பு மேளம் காத்திருக்கும். புதைப்பது அதே தோட்டத்து மயானத்தில்தான். கருமாதிக்கும் மதம் மாறியவர்களை அழைக்கிறார்கள். சில வீடுகளில் அவர்களுக்கான சோற்றைப் படைப்பதற்கு முன்பே தனியாக எடுத்து வைக்கிறார்கள்.