வேலையை விட்டு ஏன் போகிறார்கள்?

நம் வீட்டுப் பிள்ளை ஒருநாள் வந்து, 'வேலையை விட்டுவிட்டேன்' என்று சொன்னால் நம் வாயில் முதலில் வரும் கேள்வி எது? 'சம்பளம் போதவில்லையா?' என்பதுதான். கேள்வி தவறன்று. அதோடு விசாரணையை முடித்துக்கொள்கிறோமே, அதுதான் தவறு.

அமெரிக்காவில் டெட்ராய்ட் நகரை ஒட்டிய ஹைலண்ட் பார்க்கில் ஹென்றி ஃபோர்டின் கார் தொழிற்சாலை இருந்தது. ஏறத்தாழ 14,000 பேர் தேவைப்பட்ட அவ்விடத்தில், 1913ஆம் ஆண்டில் மட்டும் 50,000க்கும் மேற்பட்டோரை வேலைக்கு எடுக்க நேர்ந்தது. வந்தவர் நிலைக்கவில்லை. அவ்வாண்டு மார்ச் மாதம் வெளியேறியவர்களுள் நூற்றுக்கு 71 பேர், சொல்லாமல் கொள்ளாமல் தொடர்ந்து ஐந்து நாள் வராமல் நின்றுவிட்டவர்கள்!

காரணத்தை எண்ணிப் பாருங்கள். வேலை சிறு சிறு துண்டுகளாக நறுக்கப்பட்டுவிட்டது. முன்னர் ஓர் இயந்திரத்தை முழுமையாகப் பொருத்தத் தெரிந்த கைத்தொழிலாளி, இப்போது நாள் முழுவதும் ஒரே திருகை முடுக்கிக்கொண்டு நின்றான். மேற்பார்வையாளர் நினைத்தால் அன்றே அவனை வெளியேற்றலாம். ஒரே வேலைக்கு ஒருவருக்கு ஒரு கூலி, அடுத்தவருக்கு வேறு கூலி. அவ்வாண்டு இறுதியில் நகரும் பொருத்துவரிசையும் வந்து சேர்ந்தது. மனிதன் பொருளிடம் செல்வது போய், பொருள் மனிதனை விரட்டத் தொடங்கியது.

1914 ஜனவரியில் ஃபோர்டு நிறுவனம் நாளொன்றுக்கு ஐந்து டாலர் என்று அறிவித்தது. முன்னைய கூலியைப் போல் இரு மடங்குக்கும் மேல். வேலை நேரமும் ஒன்பதிலிருந்து எட்டு மணியாகக் குறைந்தது. வெளியேறுவோர் தொகை மளமளவென்று சரிந்தது. பணத்தின் வலிமையை யார் மறுக்க முடியும்? ஆனால் அந்த ஐந்து டாலரைப் பெறுவதற்கு, நிறுவனத்தின் ஆட்கள் வீடு தேடி வந்து குடும்ப வாழ்க்கையைத் துருவி ஆராய்வதையும் தொழிலாளி பொறுத்துக்கொள்ள வேண்டியிருந்தது. (நம் வீட்டு அடுக்களையை முதலாளி வந்து சோதித்தால் நாம் சகிப்போமா?)

நூறாண்டுக்குப் பின்னும் மனிதமனம் மாறிவிடவில்லை. 2021இல் அமெரிக்காவில் வேலையை விட்டவர்களிடம் பியூ ஆய்வு மையம் காரணம் கேட்டது. குறைந்த சம்பளம் என்றோர் நூற்றுக்கு 63 பேர். முன்னேற வழியில்லை என்றோரும் அதே 63 பேர். மரியாதையில்லை என்றோர் 57 பேர். பிள்ளைகள் உள்ள வீட்டாரில் ஏறக்குறையப் பாதிப்பேர், குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஆளில்லாததையும் ஒரு காரணமாகக் கூறினர். இதை நம் வீட்டுப் பெண்கள் சொன்னால் நாம் சாக்கு என்கிறோம்!

என்னிடம் ஓதிய மாணவன் ஒருவன், வெளியூர்த் துணிக்கடையில் ஆறாண்டு நின்றுவிட்டு ஒரு ரமலானுக்கு முன்பு ஊர் திரும்பினான். கடையில் கூட்டம் நெரியும் காலம் அது. 'நன்றி கெட்டவன்' என்று முதலாளி சொல்லியனுப்பினார். தகப்பனாருக்கும் கோபம்தான். அவனை என்னிடம் அழைத்து வந்தார்.

"சம்பளம் குறைச்சலா தம்பி?" என்றேன்.

"இல்லை ஹஜ்ரத். அது ஒழுங்காக வந்தது" என்றான். சற்று நேரம் பேசாமலிருந்தான். "ஆறு வருஷத்தில் ஒருநாள்கூட அவர் என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை."

தகப்பனார் அதற்குப் பின் ஒன்றும் கேட்கவில்லை. மகனின் பெட்டியைத் தாமே தூக்கிக்கொண்டு நடந்தார்.