அடி விழுந்தும் ஏன் அதே தப்பு?

சேலம், நாமக்கல் பக்கத்து டியூஷன்களில் சாயங்காலம் காணும் காட்சி இது. மூன்றாம் வகுப்புப் பையன் கழித்தல் கணக்கில் பிசகுகிறான். முட்டியில் ஸ்கேல் விழுகிறது. கை நடுங்க, அடுத்த கணக்கையும் அதே மாதிரி தப்பாகப் போடுகிறான். திமிர் என்கிறோம். அது திமிரே இல்லை.

நெதர்லாந்தின் லைடன் பல்கலைக்கழகத்தார் 2008இல் வெளியிட்ட ஆய்வில், 8-9 வயதுப் பிள்ளைகளுக்கு விளையாட்டு ஒன்றைக் கொடுத்து மூளையை ஸ்கேன் செய்தார்கள். 'சரி' என்றதும் சிந்தனையைக் கட்டுப்படுத்தும் பகுதிகள் சுறுசுறுப்பாயின. 'தப்பு' என்றதற்கு அவ்வளவாக அசையவில்லை. பெரியவர்களிடம் இது தலைகீழ். 11-13 வயது, நடுவில் நிற்கும் பருவம்.

ஏன்? 'சரி' என்றால் செய்ததையே திரும்பச் செய்தால் போதும். 'தப்பு' என்றால் எது பிசகியது, மாற்று வழி எது என்று இரண்டையும் தேட வேண்டும். அந்தத் தேடலுக்கான மூளைப் பகுதி மெதுவாகத்தான் முதிர்கிறது. இருக்கும் கொஞ்ச கவனத்தையும் அடியின் பயம் தின்றுவிடுகிறது. பிள்ளையின் கண் கணக்கில் இல்லை, ஸ்கேலில் இருக்கிறது.

2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம், 17ஆம் பிரிவில், உடல் தண்டனையோடு மன உளைச்சல் தருவதையும் தடை செய்தது. திட்டும் அதில் அடக்கம் என்பதைப் பலர் கவனிப்பதில்லை.

அடிக்கும் திட்டுக்கும் பதிலாக, “பத்தாமிடத்துல ஒண்ணு கடன் வாங்குனயே, அதைக் குறைச்சியா கண்ணு?” என்று விரல் வைத்துக் காட்டுங்கள். பென்சில் தானாக அந்த எண்ணுக்குப் போகும்.