முக்கால் பங்கு உனக்கு! பிறகு ஏனப்பா ராத்திரியில் தோண்டுகிறாய்? - மதுரையைச் சுற்றி வரும் புதையல் ஆசை

மதுரை:

"அண்ணே, வெளியில சொல்லிப்புடாதீங்க. அஸ்திவாரம் தோண்டுறப்போ கிடைச்சுது..."

இப்படித்தான் ஆரம்பிக்கும். பேசுகிற ஆசாமி மண்வெட்டி பிடித்த கை போலவே இருப்பான். முழங்கால் வரை புழுதி. கூடவே ஒரு பெண்ணும் நிற்பாள். பழைய துணியில் சுற்றிய பொட்டலத்தைப் பிரித்தால் மஞ்சள் மஞ்சளாய் ஒரு மணிமாலை. இரண்டு கிலோ தேறும். "எங்களுக்கு விலை தெரியாதுண்ணே. பாத்துக் குடுங்க" என்று கும்பிடுவான்.

சந்தேகமா? அதற்கும் வழி வைத்திருப்பான். கண் முன்னாலேயே இரண்டு மணியை அறுத்துக் கொடுப்பான். "நீங்களே கொண்டுபோய் உரசிப் பாருங்க." தெற்கு ஆவணி மூல வீதியில் உரைகல்லில் உரசினால் சுத்தத் தங்கம்! அப்புறம் என்ன? வீட்டு நகை அடகுக்குப் போகும். வட்டிக்குப் பணம் வரும். லட்சங்கள் கை மாறும்.

மறுநாள் மாலை முழுவதையும் கொண்டுபோனால் தட்டான் சிரிப்பார். அந்த இரண்டு மணிதான் தங்கம். மிச்சம் அத்தனையும் பித்தளை!

பழைய மோசடிதான். ஊர் ஊராக நடக்கிறது. ஆனாலும் ஏமாறுகிறவர்கள் குறையவில்லை. போலீசுக்குப் போகவும் பலருக்குத் தயக்கம். "திருட்டுத்தனமா புதையல் வாங்குனேன்னு எந்த வாயால சொல்றது?"

பூதம் காக்கும் பானை!

ஆசைக்குத் தீனி போடும் கதைகளுக்கு மதுரைச் சீமையில் பஞ்சமே இல்லை. மலையடிவாரம் என்றால் ஒரு பானை. இடிந்த மண்டபம் என்றால் ஒரு சுரங்கம். பாளையக்காரர் ஓடும்போது புதைத்தது, கான்சாகிப் விட்டுப்போனது என்று டீக்கடை பெஞ்சில் ஆளுக்கொரு கதை கிடைக்கும். அந்தக் கான்சாகிப் மதுரையில் தூக்கில் தொங்கியது 1764-ல். கதை மட்டும் இன்னும் சாகவில்லை.

புதையலைப் பூதம் காக்கும், நாகம் சுற்றிக் கிடக்கும், தலைச்சன் பிள்ளை ரத்தம் கேட்கும் என்று கிளப்பிவிடுவதற்கென்றே சில ஆசாமிகள். வெற்றிலையில் மை தடவிப் பார்த்து, "வடகிழக்கு மூலையில ஒன்பது அடி ஆழம்" என்பார்கள். பூஜைச் சாமானுக்கு முதலில் சில ஆயிரம். அப்புறம் ஒரு மண்டலம் பூஜை. தோண்டி ஒன்றும் இல்லை என்றால், "தீட்டுப் பட்டிருச்சு, பானை நகர்ந்து போச்சு" என்று பதில் தயாராக இருக்கும். பானைக்குக் கால் முளைத்த கதை இங்கேதான் நடக்கும்! நரபலி வரை போய் கொலை வழக்கில் கம்பி எண்ணுகிறவர்களும் இந்த நாட்டில் உண்டு. அது சிரிக்கிற விஷயமில்லை.

கப்பல் கொள்ளைக்காரன் கதை

வெளிநாட்டிலும் இந்தப் பைத்தியம் உண்டு. அங்கே பாளையக்காரருக்குப் பதில் கடற்கொள்ளைக்காரன். கேப்டன் கிட் என்று ஒருவன். நம் கொச்சிக்கு அப்பால் கடலில் 1698-ல் ஒரு சரக்குக் கப்பலை மடக்கினான். கப்பலில் இருந்தது பெரும்பாலும் பட்டு, மஸ்லின், சர்க்கரை. கொள்ளையில் ஒரு பகுதியை 1699-ல் நியூயார்க் பக்கம் ஒரு தீவில் புதைத்தான். அதை அரசாங்கமே தோண்டி எடுத்துக்கொண்டது. 1701-ல் லண்டனில் அவனைத் தூக்கிலும் போட்டார்கள். மீதி எங்கே, மீதி எங்கே என்று 300 வருடமாகத் தேடுகிறார்கள்.

பொதுவாகக் கொள்ளைக்காரன் புதைப்பதில்லை. தூக்கிக்கொண்டு போய்விடுவான். மதுரைக்கு 1311-ல் வந்த மாலிக்காபூர் அதைத்தான் செய்தான். தென்னாட்டிலிருந்து 612 யானைகளும் 20 ஆயிரம் குதிரைகளும் டெல்லிக்குப் போயின என்று பரணி என்ற டெல்லி வரலாற்றாசிரியர் எழுதி வைத்திருக்கிறார். கணக்கில் கொஞ்சம் உப்பும் மிளகாயும் சேர்த்திருப்பார், போகட்டும். அவன் எதையும் இங்கே விட்டுப்போகவில்லை என்பது மட்டும் நிச்சயம்.

புதைத்தவர்கள் குடியானவரும் வியாபாரியும்தான். பேங்க் இல்லாத காலத்தில் மண்தான் பெட்டி. புதைத்தவர் சொல்லாமல் செத்துப்போனால் அது புதையல்.

நிஜமாகவே கிடைத்தது உண்டா?

உண்டு! மறைப்பானேன்? பழைய மதுரை ஜில்லாவில், பழனி பக்கம் கலையமுத்தூரில் 1856-ல் 63 ரோமானியத் தங்கக் காசுகள் கிடைத்தன. புதுக்கோட்டைச் சீமை கருக்காக்குறிச்சியில் 1898-ல் 501 காசுகள். அத்தனையும் ரோமாபுரித் தங்கம்! மிளகும் முத்தும் வாங்க கப்பலில் வந்த பணம். வைகை மணலிலும் சின்னச் சின்ன ரோமானியச் செப்புக் காசுகள் கிடைத்ததுண்டு.

திருவானைக்காவல் கோவிலில் 2020 பிப்ரவரியில் அம்மன் சன்னதி அருகே மண்ணை வெட்டியபோது 505 தங்கக் காசுகள் வந்தன. எடை ஒரு கிலோ 716 கிராம். அங்கே மை போட்டுப் பார்த்தவர் யாரும் இல்லை. இடத்தைச் சுத்தம் செய்யப் போனவர்கள் கையில் சிக்கியது.

மதுரைக்காரர்கள் தோண்டியதில் வெளிவந்த பெரிய புதையல் எது தெரியுமா? ஒரு பிள்ளையார்! திருமலை நாயக்கர் மாரியம்மன் தெப்பக்குளத்துக்கு மண் வெட்டியபோது கிடைத்தவர்தான் மீனாட்சி அம்மன் கோவில் முக்குறுணிப் பிள்ளையார் என்பது ஊரறிந்த கதை. சதுர்த்திக்குச் சதுர்த்தி 18 படி அரிசியில் ஒரே கொழுக்கட்டை சாப்பிடுகிறார்.

சட்டம் என்ன சொல்கிறது?

வாசகர்கள் இதைக் கவனமாகப் படிக்க வேண்டும். வெள்ளைக்காரன் 1878-ல் போட்ட புதையல் சட்டம் ஒன்று இருக்கிறது. மண்ணுக்குள் பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள பொருள் கிடைத்தால், என்ன பொருள், எவ்வளவு, எந்த இடம், எந்தத் தேதி என்று கலெக்டருக்கு எழுத்து மூலம் தெரிவிக்க வேண்டும். பொருளைக் கஜானாவில் கட்ட வேண்டும், அல்லது ஜாமீன் கொடுக்க வேண்டும். உரிமை கொண்டாடுகிறவர்கள் வரட்டும் என்று கலெக்டர் விளம்பரம் செய்வார். நாலு முதல் ஆறு மாதம் வரை கெடு.

யாருக்கும் உரிமை இல்லை என்று முடிவானால்? வேறு ஒப்பந்தம் ஏதும் இல்லாத பட்சத்தில் முக்கால் பங்கு கண்டெடுத்தவருக்கு! கால் பங்கு நிலத்துக்காரருக்கு! சர்க்காரே வைத்துக்கொள்ள நினைத்தால் பொருளில் உள்ள உலோகத்தின் மதிப்பையும், அதன் மேல் ஐந்தில் ஒரு பங்கையும் சேர்த்துத் தர வேண்டும்.

மறைத்தாலோ பங்கும் போச்சு. ஒரு வருடம் வரை ஜெயில். உடந்தையாக இருந்த நிலத்துக்காரருக்கு ஆறு மாதம் வரை.

இப்போது அந்த இரண்டு கிலோ மாலை ஆசாமியை நினைத்துப் பாருங்கள். கலெக்டர் ஆபீசுக்குப் போனால் முக்கால் பங்கு கிடைக்கக்கூடிய பொருளை, முன்பின் தெரியாத உங்களுக்குப் பாதி விலைக்கு ஏன் தருகிறான்? இந்த ஒரு கேள்வியைக் கேட்டால் போதும். பொட்டலத்தைச் சுருட்டிக்கொண்டு கம்பி நீட்டிவிடுவான்!

உடைந்த தாழிகள்

ராத்திரி ஆசாமிகள் பணத்தை மட்டும் தொலைப்பதில்லை. வைகைக் கரை நெடுக முதுமக்கள் தாழிகள் புதைந்து கிடக்கின்றன. பரவை, அனுப்பானடி பக்கம் வெள்ளைக்காரன் காலத்திலேயே எடுத்திருக்கிறார்கள். பழங்காநத்தம் கோவலன் பொட்டலில் 1980-ல் தொல்லியல் துறை தோண்டியபோதும் தாழிகள் வந்தன. பெரிய பானை வாய் தெரிந்தால் போதும், "தங்கப் பானைடா!" என்று கடப்பாரையைப் போட்டுவிடுகிறார்கள். உள்ளே எலும்பு, இரும்புத் துண்டு, கருப்பு சிவப்புச் சட்டி. ஆத்திரத்தில் அதையும் நொறுக்குகிறார்கள். இரண்டாயிரம் வருடம் மண்ணில் தூங்கியது ஒரே ராத்திரியில் ஓட்டாஞ்சல்லி ஆகிறது. எந்த அடுக்கில் எது இருந்தது என்று இனி எந்த நிபுணராலும் சொல்ல முடியாது.

கீழடியும் கடப்பாரைக்கு இரையாகியிருக்கலாம். நல்ல வேளை, 1970களில் கிணறு வெட்டிய மண்ணில் கிடைத்த பொருட்களைப் பிள்ளைகள் பள்ளிக்கூட வாத்தியாரிடம் கொண்டுபோய்க் காட்டினார்கள். அவர் தூக்கி எறியவில்லை. தொல்லியல் துறைக்குத் தெரிவித்தார். மத்திய தொல்லியல் துறை அங்கே மண்வெட்டி எடுத்தது 2015-ல். மாநிலத் துறை 2018-ல் தொடர்ந்தது. 353 சென்டிமீட்டர் ஆழத்தில் கிடைத்த கரி கி.மு. 580-ஐச் சேர்ந்தது என்று சோதனையில் தெரிந்தது.

தங்கம் கிடைத்ததா என்றுதான் முதலில் கேட்பீர்கள். கிடைத்தது. நகைத் துண்டுகள் ஏழு. பக்கத்து அகரத்தில் 2020-ல் ஒரு தங்கக் காசு. அதன் எடை 300 மில்லிகிராம். ஒரு மூக்குத்திக்குக் காணாது! ஆனால் செங்கல் சுவரும், உறைகிணறும், பேர் கீறிய பானை ஓடும் 18 கோடி ரூபாய்க்கு மேல் செலவில் கட்டிய அருங்காட்சியகத்தில் 2023 மார்ச் முதல் இருக்கின்றன. மதுரையிலிருந்து 12 கிலோமீட்டர்தான். பஸ் ஏறிப் பார்த்துவிட்டு வரலாம்.

மதுரை மண்ணில் தினசரி தங்கம் எடுக்கிறவர்களும் இருக்கிறார்கள். நகைக்கடை வீதியில் கடை திறக்கும் முன்பே துடைப்பமும் தட்டுமாக வந்துவிடுவார்கள். பட்டறை வாசலில் கூட்டுவார்கள். சாக்கடை வண்டலை வாளியில் அள்ளுவார்கள். தண்ணீர் விட்டு அரித்து அரித்துக் கடைசியில் தட்டின் ஓரத்தில் ஒரு கோடு மினுங்கும். அதுதான் அன்றைய கூலி. எட்டு மணிக்கு மேல் போனால் பார்க்க முடியாது. கடைகள் திறந்துவிடும்.